பதினான்காம் விதிப்படி ஓர் இரவு

லா டீக்,
6 அக்டோபர் 1997

தாமியேன் தீவுக் காப்புச் சபையின் நிர்வாகி அவர்களுக்கு,

ஒனெசிம் லபிஷ் எழுதுவது. இறந்துபோன என் மனைவியின் தங்கைக்கு நான் இதை எழுதவில்லை. அவளோடு எனக்கு எட்டு வருஷமாகப் பேச்சில்லை. அந்தத் தீவில் பதினேழு வருஷம் காவலாளியாக இருந்தவன் சபையின் நிர்வாகிக்கு எழுதுகிறேன். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது என் குற்றமல்ல.

சனிக்கிழமைப் பத்திரிகையில் பார்த்தேன். தாமியேனின் மேற்குச் சரிவில் பன்னிரண்டு குடில்கள் கட்டப் போகிறீர்களாம். வெளிநாட்டு விருந்தாளிகள் இரவு தங்கி, நட்சத்திரம் பார்த்துவிட்டுப் போவார்களாம். 1972ல் அந்தத் தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கிய நாள் முதல், மாலை நான்கு மணிக்கு மேல் காவலாளிகளைத் தவிர ஒருவரும் அங்கே தங்கியதில்லை. மந்திரி வந்தபோதும் நான்கு மணிக்குப் படகில் ஏற்றி அனுப்பினேன். காலணியை நனைத்துக்கொண்டு போனார்.

சரிவு வெறும் இடம் என்று பத்திரிகை சொல்கிறது. பொய். அங்கே ஃபூக்கேக் கடற்பறவைகள் வளை தோண்டி முட்டை வைத்திருக்கின்றன. அந்த மண் பொலபொலவென்றிருக்கும். மனிதன் ஓடினாலே வளை இடிந்துவிடும், குடில் கட்டினால் கேட்க வேண்டாம்.

சபை டிசம்பர் 15ல் கூடுகிறது. அதற்கு முன் எனக்கு அந்தச் சரிவில் ஓர் இரவு வேண்டும். பகலில் அவை வாயைத் திறக்காது. இருட்டிய பிறகுதான் கடலிலிருந்து இணை திரும்பி வரும், கூப்பிட்டால் வளைக்குள் இருப்பது பதில் சொல்லும். எண்ணிக் காட்டுகிறேன்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தாளில் பதில் வேண்டும்.

ஒனெசிம் லபிஷ்


விக்டோரியா,
15 அக்டோபர் 1997

திரு. லபிஷ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சபைப் பணியாளர் அல்லாத எவரும் தாமியேன் தீவில் இரவு தங்க அனுமதியில்லை. குடில் திட்டம் நிறைவேறினால்தான் அந்த விதி மாறும். இன்னும் நிறைவேறவில்லை.

கடந்த மே மாதம் மூன்று ஆய்வாளர்கள் மேற்குச் சரிவு முழுவதும் நடந்து பார்த்தார்கள். வளைகள் இருந்தன. அவற்றின் வாயில் சிலந்தி வலை இருந்தது. பறவை ஒன்றுகூட இல்லை.

தங்கள் காலத்துப் பதிவேடுகளையும் எடுத்துப் பார்த்தேன். வருஷாவருஷம் டிசம்பரில் எண்ணிக்கை எழுதியிருக்கிறீர்கள். பதினேழு வருஷத்தில் ஒரு முறைகூட மேற்குச் சரிவுக்கு நேரே ஒரு வளையையும் எழுதவில்லை. எழுத்து தங்களுடையது. எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து.

ஜெர்மென் எஸ்பரோன்
நிர்வாகி


லா டீக்,
20 அக்டோபர் 1997

நிர்வாகி அவர்களுக்கு,

மே மாதம்! காற்று விழுந்து கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும், படகில் வாந்தி வராது என்று பார்த்துப் போயிருக்கிறார்கள். ஃபூக்கேயும் அப்போது நடுக்கடலில்தான் இருக்கும். ஏப்ரலில் குஞ்சோடு போனால் ஆகஸ்ட் முடிந்துதான் திரும்பும். ஆள் வெளியூர் போயிருக்கும்போது கதவைத் தட்டிவிட்டு, வீட்டில் யாரும் குடியில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? நான் நான்காம் வகுப்பு. எனக்குத் தெரியும்.

ஒக்தாவிடம் சொன்னேன். என்னோடு மீன் பிடிக்கப் போகிறவன், என் வயசுக்காரன். அவன் சிரித்த சிரிப்பில் தூண்டில் கயிறு கையை விட்டுப் போய்விட்டது.

பதிவேட்டைப் பற்றி இப்போது பேச வேண்டாம். எனக்கு ஓர் இரவு வேண்டும்.

ஒனெசிம் லபிஷ்


விக்டோரியா,
29 அக்டோபர் 1997

அத்தான்,

அலுவலகத் தாளை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். மே மாதத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஆய்வாளர்களிடம் கேட்டேன். ஒருத்தன் காது சிவந்து போனான். சரி, அதில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஆனால் பதிவேட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். சபைத் தலைவர் என்னிடம் நேராகக் கேட்டார். “பதினேழு வருஷம் அங்கயே குடியிருந்த மனுஷன், ஒண்ணைக்கூடக் காணலையா? இப்ப லா டீக்ல உக்காந்துக்கிட்டுக் கண்டுபிடிச்சிட்டாரா?” நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் என் அக்காள் புருஷன் என்பது அந்த மேஜையைச் சுற்றி உட்காரும் ஏழு பேருக்கும் தெரியும்.

89ல் உங்களுக்கு வயசாகிவிட்டது என்று ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அந்தக் கோபத்தில் சபைக்குக் குறுக்கே நிற்கிறீர்கள் என்று பேசுகிறார்கள். குடில்களின் வருமானம் வந்தால்தான் காவலாளிகள் மூன்று பேரையும் வைத்துக்கொள்ள முடியும். அதை நீங்கள் யோசிக்கவில்லை.

அந்த இடத்தை ஏன் காலியாக விட்டீர்கள்? அதைச் சொல்லாமல் அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

ஜெர்மென்


லா டீக்,
5 நவம்பர் 1997

ஜெர்மென்,

இதை உன் அக்காளுக்குக்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

தாமியேன் தென்னந்தோப்பாக இருந்த காலத்தில் என் அப்பா அங்கே மேஸ்திரி. மார்ச் மாதம் ஃபூக்கேக் குஞ்சுகள் கொழுத்திருக்கும். நாங்கள் சரிவில் ஏறி, கையைக் குவித்துக் கூவுவோம். உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற மாதிரி பதில் வரும். வந்த இடத்தில் தோள் வரை கையை விட்டு இழுப்போம். உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்து லா டீக் தீவு முழுக்கக் கொடுத்தனுப்புவோம். அந்தச் சரிவைக் காலி செய்தது யாரோ இல்லை. என் குடும்பம். நான் அதைத் தின்று வளர்ந்த உடம்பு.

72ல் காவலாளியாகத் திரும்பிப் போனபோது அங்கே நான்கு வளைகள் மிச்சம். நான்கே நான்கு. அதைப் பதிவேட்டில் எழுதினால் என்ன ஆகும்? பதிவேடு மாதம் ஒரு முறை லா டீக் வழியாகத்தான் உங்கள் அலுவலகத்துக்கு வரும். துறைமுகத்தில் கடிதப் பை பிரிக்கிறவன் என் சித்தப்பா மகன். நான் எழுதியது ஒரு வாரத்தில் கள்ளுக்கடை வரை வந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை என் சொந்தக்காரர்கள் சாக்கோடு வந்து நிற்பார்கள். “மச்சான், ரெண்டே ரெண்டு. பிள்ளைத்தாச்சிக்கு ஆசையாம்” என்பார்கள். யாரைத் தடுப்பது?

அதனால் எழுதவில்லை. நான்கு ஒன்பதானது. எழுதவில்லை. ஒன்பது இருபதானது. எழுதவில்லை. நான் வாயை மூடியிருந்ததால்தான் அவை பெருகின.

இப்போது அதே வாய்மூடலைக் காட்டி அவற்றின் தலையில் குடில் கட்டுகிறீர்கள். தப்பு என்னுடையது. தப்பு செய்தவனே சரி செய்ய வேண்டும். அதற்குத்தான் அந்த இரவு. ஓய்வுக் கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது. குறையவில்லை.

ஒனெசிம்


விக்டோரியா,
14 நவம்பர் 1997

அத்தான்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நம்புகிறேன்.

ஆனால் நான் நம்பி என்ன ஆகப் போகிறது? தலைவரிடம் சொன்னேன். “அத்தானுக்காக மைத்துனி விதியை வளைச்சான்னு நாளைக்குப் பத்திரிகையில வரணுமா, ஜெர்மென்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. உங்களுக்கு நான் அனுமதி கொடுத்தால், நீங்கள் எண்ணிக்கொண்டு வரும் கணக்கை அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடுவார்கள். ஆய்வாளர்களை மறுபடி அனுப்பக் கேட்டேன். ஜனவரிக்கு மேல்தான் வர முடியுமாம். அதற்குள் ஓட்டெடுப்பு முடிந்துவிடும்.

சபை விதிகளின் அச்சுப் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே படித்துப் பாருங்கள். பணியாளர் அல்லாதவர் அங்கே இரவு தங்க ஒரு வழியும் இல்லை என்பது தெரியும். தெரிந்த பிறகாவது என்னைத் திட்டுவதை நிறுத்துங்கள்.

ஜெர்மென்


லா டீக்,
19 நவம்பர் 1997

ஜெர்மென்,

விதிகளைப் படித்தேன். இரண்டு நாள் ஆனது. சொல்லுக்குச் சொல் படித்தேன். நீ படித்தாயா?

பதினான்காம் விதி. “அனுமதியின்றிக் கரையேறியவரைக் காவலாளி பிடித்து, அடுத்த படகு வரும்வரை தீவிலேயே தன் பார்வையில் வைத்திருக்க வேண்டும். பிடிபட்டவர் தீவில் செய்ததையும் கண்டதையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுச் சபைக்கு அனுப்ப வேண்டும். அடுத்த கூட்டத்தில் அது முழுமையாக வாசிக்கப்பட வேண்டும்.”

இந்த விதியைக் கேட்டு வாங்கியவனே நான். எண்பதாம் வருஷம், முட்டை திருட வந்தவர்களுக்காக. பிடித்தவனை இரவில் திருப்பி அனுப்பினால் பாதி வழியில் மறுபடி இறங்கிவிடுவான் என்று சபையோடு சண்டை போட்டேன்.

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, கடைசிப் படகு போன பிறகு நான் தாமியேனில் அனுமதியின்றிக் கரையேறுவேன். என்னைப் பிடிக்கச் சொல். இது முன்னறிவிப்பு. திருட்டுத்தனம் என் பழக்கத்தில் இல்லை.

ஒனெசிம்


விக்டோரியா,
24 நவம்பர் 1997

திரு. ஒனெசிம் லபிஷ் அவர்களுக்கு,

தங்கள் 19ஆம் தேதிக் கடிதத்தில் கண்ட எண்ணம் சட்டவிரோதமானது. அதைக் கைவிடுமாறு சபையின் பெயரால் வன்மையாக எச்சரிக்கிறேன். மீறினால் விதிப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

பொதுமக்களுக்கான அறிவிப்பு: 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை, படகு பழுதுபார்க்கும் வேலை இருப்பதால் தாமியேனிலிருந்து கடைசிப் படகு பிற்பகல் மூன்று மணிக்கே புறப்பட்டுவிடும். அன்றிரவு காவலாளி மார்ஸ்லென் மட்டும் பணியில் இருப்பார். அடுத்த படகு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. தென்மேற்கு முனையில் நீரோட்டம் இழுக்கும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் நீந்த வேண்டாம்.

ஜெர்மென் எஸ்பரோன்
நிர்வாகி


லா டீக்,
1 டிசம்பர் 1997

ஜெர்மென்,

உன் எச்சரிக்கை கிடைத்தது. தடுத்து எழுதிய கடிதத்தில் படகு நேரம் எதற்கு என்று ஒக்தாவ் கேட்டான். அலுவலகக் கடிதம், எல்லாத் தகவலும் இருக்கும் என்றேன்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவனுடைய படகு பவளத்திட்டுக்கு வெளியே நின்றது. வெளிப்படகு எதுவும் அந்த மணலைத் தொடக் கூடாது. ஓர் எலி இறங்கினால் போதும், ஒரு பருவத்து முட்டை முழுவதும் போய்விடும். அந்த விதியை நான் செத்தாலும் மீற மாட்டேன். அதனால் நீந்துவதென்று முடிவு. மூக்குக்கண்ணாடியையும் பென்சிலையும் தகர டப்பாவில் போட்டு மூடி, இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

“டேய், உனக்கு எழுபத்து மூணு” என்றான் ஒக்தாவ்.

“தெரியும்.”

“நீ செத்தா உன் பொணத்தை நான்தான் இழுத்துட்டு வரணும். என் படகு சின்னது.”

“செத்தா அங்கயே ஒதுங்கிடுவேன். அப்பவும் ராத்திரி தங்கினதாத்தான் அர்த்தம்.”

வடக்குப் பக்கமாகவே நீந்தினேன். மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணலில் கால் வைத்தபோது மார்ஸ்லென் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

“மாமா! என்ன வேலை இது? படகு போயிடுச்சே.”

“தெரிஞ்சுதான் வந்தேன். என்னைப் பிடி.”

“என்னது?”

“பதினாலாம் விதி. அனுமதி இல்லாம கரையேறிட்டேன். பிடிடா.”

“உங்களைப் பிடிச்சேன்னா எம்பொண்டாட்டி எனக்குச் சோறு போட மாட்டா.”

“பிடிக்கலேன்னா, காவலாளி கடமை தவறிட்டான்னு சபைக்கு எழுதிப் போடுவேன்.”

“எழுதுவீங்க, எழுதுவீங்க” என்று முனகிக்கொண்டே என் தோளில் கை வைத்தான். கைதாகிவிட்டேன். தகர டப்பாவைத் திறந்து குலுக்கி, எறும்பு, விதை எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று என் கால்சட்டை மடிப்பு வரை பார்த்தான். அதற்காக அவனுக்கு ஒரு சபாஷ். பிறகு வானொலியில் உன்னைக் கூப்பிட்டான். நீ சொன்னது ஒரே வாக்கியம். “விதிப்படி செய்.” பக்கத்தில் நின்று கேட்டேன்.

பயறுக் குழம்பும் பொரித்த மீனும் சாப்பிட்டோம். பிறகு நான் எழுந்து மேற்குச் சரிவுக்கு நடந்தேன். கைதியைப் பார்வையில் வைத்திருக்க வேண்டுமே, அவனும் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

இருட்டியது. கூவினேன். பதில் இல்லை. பத்தடி நகர்ந்து கூவினேன். இல்லை. அரை மணி நேரம். என் தொண்டை கிழிந்தது.

“மாமா, அந்த மே மாசத்துப் பசங்க சொன்னது சரியா இருக்குமோ?”

“வாயை மூடு.”

உனக்கு எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்லாதே. நான் கூவுவதை விட்டுவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷமாக நான் அங்கே இல்லை. நோய் வந்திருக்கலாம். என் சித்தப்பா மகன் வந்திருக்கலாம். இல்லாத ஒன்றுக்காக உன் பெயரையும் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

அப்போது மரக்கிளையை முறித்துக்கொண்டு மேலேயிருந்து ஏதோ பொத்தென்று விழுந்தது. மார்ஸ்லென் “யேசுவே!” என்று குதித்தான். ஃபூக்கேக்கு இறங்கத் தெரியாது, விழத்தான் தெரியும். அது எழுந்து இறக்கையை உதறிக்கொண்டு, எங்களை மதிக்காமல் காலுக்கு நடுவே நடந்து தன் வளைக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வானத்திலிருந்து ஃபூக்கேயாகக் கொட்டியது.

நான் கூவினேன். காலடி மண்ணே அழுதது. இடது பக்கம், வலது பக்கம், மேலே, கீழே. மார்ஸ்லென் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு அவனும் கூவினான். அவனுக்குக் கழுதைக் குரல். அதற்கும் பதில் சொல்லின.

பதில் வந்த ஒவ்வொரு வளை வாயிலும் ஒரு வெள்ளைப் பவளத் துண்டு வைத்தோம். இரண்டு மணிக்கு மழை வந்து நிறுத்தியது. சரிவில் பாதிதான் ஆகியிருந்தது. விடிந்ததும் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு எண்பத்தேழு. அவனுக்கு எண்பத்தாறு.

“எண்பத்தாறுன்னே போட்டுடலாம் மாமா.”

“ஏன் போடணும்?”

ஒரு மணி நேரம் தேடினோம். ஒரு கிழட்டு ஆமை அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. முந்நூறு கிலோ. தள்ளினால் நகராது. அது எழுந்து போகும்வரை காத்திருந்தோம். எண்பத்தேழு.

“பிடிபட்டவர் கண்டது” என்ற இடத்தில் அவன் எழுத, இருவரும் கையெழுத்துப் போட்டோம். தாள் இந்நேரம் உன் மேஜைக்கு வந்திருக்கும். விதிப்படி செய்.

ஒனெசிம்


விக்டோரியா,
16 டிசம்பர் 1997

அத்தான்,

நேற்று வாசித்தேன். முழுமையாக. ஆமை உட்பட.

“பிடிபட்டவன் சொன்னதையெல்லாம் நாம உக்காந்து கேக்கணுமா?” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“நம்ம விதி அப்படித்தான் சொல்லுது, ஐயா.”

“பிடிபட்டவன் பொய் சொல்லியிருந்தா?” இது ஊரானி அம்மாள். குடில் திட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

“காவலாளியும் எண்ணியிருக்கார். ரெண்டு கையெழுத்து இருக்கு.”

“எண்பத்தாறா, எண்பத்தேழா? அதைச் சரியாச் சொல்லு.”

“ஆமை எழுந்த பிறகு எண்பத்தேழு, அம்மா.”

அந்த மேஜையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஊரானி அம்மாளும் சிரித்தார். ஆனால் உடனே உங்கள் பழைய பதிவேட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழு டிசம்பரையும் புரட்டினார். “மத்த எல்லாச் சரிவுக்கும் எண் போட்டிருக்கான். பறவை இல்லாத பாறைக்குக்கூட பூஜ்யம்னு போட்டிருக்கான். மேற்குச் சரிவுக்கு மட்டும் பூஜ்யம்கூடப் போடலை. சும்மா விட்டிருக்கான்” என்றார். பிறகு பதிவேட்டை மூடினார். “பொய் எழுதத் தெரியாத ஆளு” என்றார்.

ஐந்துக்கு இரண்டு. குடில்கள் இல்லை. தீவில் வேறெங்கும்கூடக் கட்டப் போவதில்லை. மேற்குச் சரிவு காவலாளிகளைத் தவிர எவர் காலும் படக் கூடாத இடமாக நேற்றே எழுதப்பட்டுவிட்டது. இனி எண்ணிக்கை டிசம்பரில், இருட்டிய பிறகு. ஐந்து கைகளில் ஒன்று ஊரானி அம்மாளுடையது. மூன்று காவலாளிகளுக்கும் வேறு வழி பார்ப்பதாக அவரே பொறுப்பெடுத்திருக்கிறார்.

ஜெயித்துவிட்டீர்கள் அத்தான். அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒரு சுற்று ஆடினேன். இதையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

அனுமதியின்றிக் கரையேறியதற்கு உங்களுக்கு ஒரு வருஷம் தாமியேனில் இறங்கத் தடை. இதிலிருந்து சபையால் தப்ப முடியவில்லை. ஆனால் வருந்துவதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் தடையை எடுத்துவிடுவார்கள். தாளை வைத்திருக்கிறேன். வரியை நானே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் போதும். அடுத்த வாரமே உங்களைப் பகல் படகில் கூட்டிப்போகிறேன்.

இன்னொன்று. 89ல் உங்களுக்கும் அக்காளுக்கும் தீவிலிருந்த காவலாளி வீட்டைக் காலி செய்ய இரண்டே வாரம் கொடுத்தேன். அக்காளின் மரவள்ளி அப்போது தோண்டுகிற பருவத்துக்கு வரவில்லை. இரண்டு மாதம் கொடுத்திருக்கலாம். எனக்குப் புது வேலை, பயம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஜெர்மென்


லா டீக்,
22 டிசம்பர் 1997

ஜெர்மென்,

ஐந்துக்கு இரண்டு என்ற செய்தியைக் கள்ளுக்கடையில் உரக்கப் படித்தேன். என் சித்தப்பா மகனும் இருந்தான். எத்தனை வளை, எந்தச் சரிவு என்று எல்லாவற்றையும் அவன் முகத்தைப் பார்த்தே படித்தேன். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. “தொட்டுப் பாரு, ஊரே கேக்கும்” என்று ஒக்தாவ் அவனிடம் சொன்னான். அவன் தன் கோப்பையைக் காலி செய்தான். பிறகு எல்லோருக்கும் ஒரு சுற்றுக் கள் அவனே வாங்கிக் கொடுத்தான்.

உன் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். எட்டு வருஷம் தாமதம். ஆனாலும் நல்ல தாளில் எழுதியிருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு இங்கே வா. பலாப்பழ அளவுக்கு ஈரப்பலா காய்த்திருக்கிறது, தனி ஆளாகத் தின்ன முடியாது. வரும்போது ஊரானி அம்மாளையும் கூட்டி வரலாம். அந்தம்மாளுக்குப் படிக்கத் தெரிகிறது.

நீ அனுப்பிய தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். அதில் “வருந்துகிறேன்” என்று இருக்கிறது. நான் எங்கே வருந்தினேன்? என் வாழ்நாளில் இதைவிட நல்ல இரவு இல்லை. சபைப் பதிவேட்டில் நான் எழுதாமல் விட்டது உண்டு, பொய் எழுதியது இல்லை. இந்த வயசில் ஆரம்பிக்க மாட்டேன்.

தடை இருக்கட்டும். ஒரு வருஷம்தானே. அங்கே எனக்குப் பதிலாக எண்பத்தேழு ஜோடி தங்கியிருக்கின்றன. பாதிச் சரிவில் மட்டும்.

ஒனெசிம்